மூக்கு விளையாட்டு

அந்த ஆடி மாதம் காவிரியில் வெள்ளம் வந்து, ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டிருந்தார்கள். பென்னாகரத்திலிருந்து வருகிற பஸ்கள் பாதி காலியாகவே வந்தன. வந்த கொஞ்சம் பேரும் கயிறு கட்டியிருந்த இடத்தில் நின்று, செம்மண் நிறத்தில் புரளும் தண்ணீரைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். மீன் வறுக்கிற பெண்களுக்குச் சட்டி காய வைக்கவே வழியில்லை. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் வராமல் காலையில் வந்து கடையைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

சகாயராணியின் கடை வரிசையின் நடுவில் இருந்தது. தகரக் கூரை, ஒரு கேஸ் அடுப்பு, அகலமான இரும்புச் சட்டி, மசாலா தடவிய மீனை அடுக்கி வைக்க ஒரு தாம்பாளம். பக்கத்துக் கடை சுகுணாவுடையது. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய்தான் சுவர். ஒருத்தி கடையில் எண்ணெய் தீர்ந்தால் இன்னொருத்தி கேனிலிருந்து ஊற்றிக்கொள்வாள். போகிற ஆளை இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுவிட்டு, அவர் எங்கும் சாப்பிடாமல் போன பிறகு, உன்னால்தான் போனார் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதும் உண்டு. எதிரே புங்கமரத்தடியில் ராணியம்மாள் மீன் அறுத்துச் சுத்தம் செய்து கொடுப்பாள். ஐம்பதைத் தாண்டியவள். வாயைத் திறந்தால் வசவாகத்தான் வரும், மனசில் ஒன்றும் இருக்காது. தள்ளுவண்டியில் மாங்காயும் அன்னாசியும் நறுக்கி விற்கிற சுசித்ரா எல்லோருக்கும் இளையவள், புதிதாகக் கல்யாணமானவள். மத்தியானச் சோற்றை நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

விளையாட்டைக் கொண்டுவந்தவள் சுசித்ராதான். பெங்களூரிலிருந்து வேனில் வந்த பெண்கள் சிலர் மழைக்கு அவள் வண்டியருகே ஒதுங்கியிருக்கிறார்கள். பொழுது போகாமல், ஒருத்தியின் கண்ணைத் துப்பட்டாவால் கட்டிவிட்டு, கையில் இருந்த தின்பண்டங்களை ஒவ்வொன்றாக அவள் மூக்கருகே நீட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம், நாமும் விளையாடுவோம் என்றாள் சுசித்ரா. கையால் தொடக்கூடாது, நாக்கில் வைக்கக்கூடாது, மோந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

முதலில் உட்கார்ந்தது ராணியம்மாள். கொத்தமல்லி, சீயக்காய், வெற்றிலை என்று வரிசையாகச் சரியாகச் சொன்னாள். கடைசியில் சுசித்ரா தன் செருப்பைக் கழற்றி நீட்ட, கண் கட்டை அவிழ்த்துவிட்டு அவளை ஆற்றுவரை துரத்திக்கொண்டு போனாள். அத்தனை நாள் முகம் வாடிக் கிடந்தவர்கள் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்கள். மறுநாள் பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

சகாயராணி மட்டும் கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. பொருளை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா, அது நானாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளால் விளையாட முடியாது. தை மாதம் வந்த காய்ச்சலோடு அவளுக்கு மூக்கு போயிருந்தது.

காய்ச்சல் வீட்டில் எல்லோருக்கும்தான் வந்தது. கணவர் அல்போன்சும் கல்லூரியில் படிக்கிற மகள் பிளசியும் ஒரு வாரம் எதுவும் மணக்கவில்லை என்று புலம்பினார்கள், பிறகு சரியாகிவிட்டார்கள். தனக்கும் சரியாகிவிடும் என்று சகாயராணி காத்திருந்தாள். மாசி போனது, பங்குனி போனது. உப்பும் புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரிந்தன. அதற்குமேல் ஒன்றுமில்லை. கோழிக் குழம்பும் சாம்பாரும் ஒன்றுபோலவே தொண்டையில் இறங்கின. பங்குனியில் ஒருநாள் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. அதே சமையலறையில் உட்கார்ந்து அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். டெம்போவை நிறுத்திவிட்டு உள்ளே வந்த அல்போன்ஸ் பாய்ந்து கேசை மூடி, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, உனக்கு என்ன ஆச்சு, மூக்கடைப்பா என்று கத்தினார். ஆமாம், ஜலதோஷம் என்றாள். அன்றிலிருந்து அடுப்புத் திருகைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

வீட்டில் சொன்னால், கடைக்குப் போகாதே என்பார்கள். கடையில் சொன்னால் கேட்கவே வேண்டாம். மீன் விற்கிறவளுக்கு மூக்குத்தான் தராசு. அது கெட்டுப்போனது என்று தெரிந்தால் எவன் அவள் கையால் வாங்கித் தின்பான்? அதனால் மாது என்ற ஒரே வியாபாரியிடம் மட்டும் மீன் எடுத்தாள். செவுளைப் பிரித்துப் பார்ப்பாள், கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பாள், விரலால் அழுத்திப் பார்ப்பாள். கடவுளே, இன்றைக்கு ஒன்றும் தப்பாகப் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் முதல் துண்டைச் சட்டியில் போடுவாள். மசாலா அவள் கைக்கு அத்துப்படி என்பதால் ருசியில் யாரும் குறை சொன்னதில்லை.

ஆனால் எடுத்துக் கொடுக்கிற வேலையை எத்தனை நாள்தான் செய்துகொண்டிருக்க முடியும்? நாலைந்து நாள் கழித்து, அக்கா பயப்படுகிறாள், பாடத் தெரியாது அதனால்தான் என்று சுசித்ரா கேலி செய்ய, ராணியம்மாள் தோளைப் பிடித்து அவளை முக்காலியில் உட்கார வைத்துவிட்டாள். சுகுணா பின்னால் நின்று கண்ணைக் கட்டினாள்.

அவளே எதிர்பார்க்கவில்லை, முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. ஏதோ ஒன்றை நீட்டியதும் கட்டுக்குள் கண் எரிந்தது. வெங்காயம் என்றாள். அடுத்ததற்கு மூக்கின் உள்ளே சுருக்கென்று குத்தித் தும்மல் வந்தது. மிளகாய்த்தூள். அதற்கடுத்தது சில்லென்று ஏறியது. தலைவலித் தைலம். மூன்றுக்கும் கைதட்டினார்கள். மணம் இல்லாமலே ஆட்டத்தில் ஜெயிக்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு ஒரு குருட்டுத் தைரியத்தைக் கொடுத்தது.

அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யாரோ அடக்கிச் சிரிப்பது கேட்டது. மரத்தடிப் பக்கமிருந்து செருப்பைத் தேய்த்தபடி ராணியம்மாள் நடந்து வருவதும் கேட்டது. மீன் அறுக்கிற பலகையிலிருந்து வருகிறாள் என்றால் வேறென்ன எடுத்துவரப் போகிறாள்? முகத்தருகே ஏதோ ஈரமாக வந்து நின்றது. சகாயராணி நன்றாக இழுத்து மோந்து பார்ப்பது போலச் செய்தாள்.

"மீனுதான். காலையில மாது கொண்டாந்த கட்லா. நல்ல மீனு, இப்பவே சட்டியில போடலாம்."

முதலில் சிரித்தார்கள். வேண்டுமென்றே சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். சுகுணா இன்னும் கிட்டே நீட்டி, நல்லா மோந்து பார்த்துச் சொல்லுக்கா என்றாள். சகாயராணி இன்னொரு முறை இழுத்துவிட்டு, நல்ல மீனுதான் என்று அழுத்திச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவளே கட்டை அவிழ்த்தாள். சுகுணாவின் கையில், வாழையிலைத் துண்டின் மேல், நாய்க்குப் போடுவதற்காக எடுத்துவைத்த பழைய மீன் தலை இருந்தது. கண் குழிந்து, ஓரமெல்லாம் பச்சை படர்ந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. சுசித்ரா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நின்றாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அன்று யாரும் இல்லை. அது ஒன்றுதான் நல்லது.

எத்தனை நாளாக என்று சுகுணா கேட்டாள். தை மாசத்திலிருந்து என்றாள் சகாயராணி. சுகுணா அந்த இலையைச் சுருட்டி எறிந்துவிட்டு, கையைக் கழுவப் போனாள். திரும்பி வந்து, தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் போய்த் தன் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சகாயராணிக்குத் தோன்றியது. சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்கே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தண்ணீர் வடிந்து பரிசலுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். வெள்ளத்தில் கூட்டமே இல்லையே என்று தினமும் புலம்பியவள், இப்போது கூட்டம் வருகிறது என்று தெரிந்தும் ஏன் வீட்டில் இருக்கிறாள் என்று அல்போன்சுக்குப் புரியவில்லை. உடம்பு அசதி என்றாள். படுத்துக் கிடக்கும்போதெல்லாம் ஒரே நினைப்புத்தான். அந்த மீன் தலையை அவள் நல்ல மீன் என்று சொன்னாள். கண் கட்டாமல் இருந்திருந்தால் பார்த்ததுமே தெரிந்திருக்கும், அது நிஜம். ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்து உள்ளே கெட்டுப்போனது ஒன்று வந்திருந்தால்? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, முள் எடுத்து ஊட்டிவிடுகிற தாய்மார்களின் முகமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்து அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் சுகுணாவின் குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒகேனக்கல்லில் நிற்க இடம் இருக்காது. அந்த வியாபாரத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அல்போன்ஸ் நாற்காலியை எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அக்கா, உனக்கு மூக்கு போனதுல எனக்குக் கோவமில்ல. எங்கிட்ட சொல்லல பாரு, அதுதான். ஒரே தட்டுல கை போட்டுத் திங்கறோம். வேத்தாளா நானு?"

அல்போன்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சகாயராணி எல்லாவற்றையும் சொன்னாள், அன்று கேஸ் கசிந்தபோது பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, ஏழு மாதமாக நீ என்ன தின்கிறாய் என்று தெரியாமலா தின்கிறாய் என்று மட்டும் கேட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

இனிமேல் கடை வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன் என்றாள் சகாயராணி. அதற்குத்தான் வந்தேன் என்று சுகுணா சொன்னாள்.

"இனிமே உன் மீன நான் மோந்து பாக்கறேன். நான் சொன்னாதான் நீ சட்டியில போடணும். அதுக்குப் பதிலா என் கடைக்கும் நீயே மசாலா கலக்கிக் குடு. என் மீனு வெறும் காரமா இருக்குதுன்னு திங்கறவங்க மூஞ்சிய சுளிக்கறாங்க."

"வெளிய தெரிஞ்சிரும்டி."

"தெரிஞ்சது மூணு பேருக்கு. ராணியம்மாவ நெனச்சுத்தான் பயந்தேன். அதுவே வாயத் தொறக்கல."

மறுநாள் அல்போன்ஸ் டெம்போவுக்கு லீவு விட்டுவிட்டு அவளைத் தர்மபுரிக்கு அழைத்துப் போனார். மூக்கு டாக்டர் இளம்வயதுப் பெண். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, அடைப்பு எதுவும் இல்லை, காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், வரும் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். இதற்கென்று பெரிய மருந்து கிடையாது. எலுமிச்சை, கிராம்பு, காபித்தூள், சோம்பு என்று நாலு பொருளை எடுத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாக மோந்து பார்க்க வேண்டும். மோந்து பார்க்கும்போது அது முன்னே எப்படி மணந்தது என்று மனதில் கொண்டுவர வேண்டும். மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். கேட்கக் கேட்கச் சகாயராணிக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.

அப்படித்தான் விளையாட்டு மறுபடி தொடங்கியது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் நாலு பேரும் உட்காருவார்கள். முதலில் பொருளைக் காட்டுவார்கள். அவள் பார்த்து, மனதில் நிறுத்திக்கொண்ட பிறகு, கண்ணைக் கட்டி மாற்றி மாற்றி நீட்டுவார்கள். டாக்டர் சொன்ன நாலோடு நிற்காமல், சுசித்ரா அன்னாசித் தோலையும் கொய்யா இலையையும் சேர்த்துக்கொண்டாள். சகாயராணிக்கு ஒன்றும் தெரியாது. காற்றுத்தான் உள்ளே போய் வெளியே வரும். குத்துமதிப்பாக எதையாவது சொல்லித் தோற்றுவிட்டுப் பாடுவாள். கோயில் பாட்டு, சினிமாப் பாட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு எல்லாம் தீர்ந்துபோய், பாடினதையே திரும்பப் பாடாதடி, காது புளித்துப்போச்சு என்று ராணியம்மாள் திட்டுகிற அளவுக்குப் பாடினாள். தோற்பதில் ஒரு நிம்மதி இருந்தது. முன்னே இதே முக்காலியில் உட்கார்ந்து ஜெயித்தபோது அவள் முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

சுகுணா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தினமும் காலையில் தன் கூடையைப் பார்க்கும் முன் சகாயராணியின் கூடையைத்தான் பார்த்தாள். ஆவணியில் ஒருநாள் பாதி மீனை எடுத்துத் தனியே தள்ளிவிட்டாள். விடியற்காலையில் பிடித்தது, செவுளைப் பாருங்கம்மா எவ்வளவு சிவப்பு என்று மாது வாதாடினான். சகாயராணியும் பார்த்தாள். செவுள் சிவப்பாகத்தான் இருந்தது, கண்ணும் தெளிவாகத்தான் இருந்தது. சுகுணா ஒன்றை எடுத்து அவன் மூக்கில் வைத்தாள். அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மாற்றிக்கொண்டு வந்தான். அன்று முழுவதும் சகாயராணி ஒவ்வொரு துண்டையும் சுகுணாவிடம் இன்னொரு முறை காட்டிவிட்டுத்தான் சட்டியில் போட்டாள். தன் கண்ணுக்கு அது நல்ல மீனாகத்தான் தெரிந்தது என்பதை அவளால் மறக்க முடியவில்லை.

புரட்டாசி வந்தது. பாதி ஜனம் கவிச்சி தொடாத மாதம் என்பதால் கடைத்தெரு மந்தமாக இருந்தது. அப்படி ஒரு மத்தியானம் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சகாயராணி திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கரித்தாள்.

"என்னாடி இது? டயர எரிச்சாப்ல இருக்குது."

சுசித்ராவின் கையில் இருந்தது நறுக்கிய எலுமிச்சம்பழம்.

ஏதோ தெரிகிறதே என்று முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. காபி டயர் நாற்றம் அடித்தது. வெங்காயம் வதக்கினால் டயர் நாற்றம். பல் விளக்குகிற பேஸ்டும் அதே நாற்றம். ஊரே புகழ்ந்த அவளுடைய மசாலா சட்டியில் விழுந்ததும், அவள் ஓடிப்போய்க் கடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வறுக்கப் பார்த்தாள். முடியவில்லை. தயிர்சாதமும் வாழைப்பழமும் மட்டும்தான் வயிற்றில் தங்கின. ஒரே மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒன்றும் தெரியாமல் இருந்ததே தேவலை, அப்போது நிம்மதியாகச் சோறாவது தின்றேன் என்று அவள் அல்போன்சிடம் சொன்னாள். அவருடைய தங்கை வேலை செய்கிற பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், துணி மடிக்கிற வேலை, வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும் என்று சொல்லியிருந்தார்கள். ஐப்பசி முதல் அங்கே போகிறேன் என்று முடிவு செய்து, கடையை நீயே சேர்த்துப் பார்த்துக்கொள் என்று சுகுணாவிடம் சொன்னாள்.

முதலில் அந்த டாக்டரம்மா நம்பரைப் போடு என்றாள் சுகுணா. சகாயராணி தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் போனில் சொன்னாள். எதிர்முனையில் டாக்டர் கொஞ்சமும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ரொம்ப நல்ல விஷயம்மா என்றார். அடிபட்ட நரம்பு திரும்ப வளரும்போது தப்பான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் எல்லாம் நாற்றமாகத் தெரிகிறது, செத்த நரம்பாக இருந்தால் இதுகூட வராது, பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்கு, அது தனக்குத் தெரியாது என்றார்.

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றாள் சகாயராணி. சுகுணா அவள் கையிலிருந்து போனை வாங்கி மடியில் வைத்தாள்.

"ஊமையா கெடந்த மூக்கு இப்ப ஒளற ஆரம்பிச்சிருக்குது. ஒளறட்டும்க்கா. நாளைக்குத் திருத்திப் பேசும்."

சகாயராணி பனியன் கம்பெனிக்குப் போகவில்லை. ஆனால் அடுப்புப் பக்கமும் நிற்க முடியவில்லை. அதனால் இருவரும் நடுவிலிருந்த தார்ப்பாயைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு சட்டியிலும் சுகுணா வறுத்தாள். மசாலாவைக் கலக்கி, மீனில் தடவி, இலையில் வைத்துக் கொடுத்து, வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற வேலையெல்லாம் சகாயராணி பார்த்தாள். கூப்பிடுகிற போட்டி இல்லாமல் போனதால் கூட்டம் முன்னைவிட நன்றாகவே வந்தது. மத்தியான விளையாட்டும் நிற்கவில்லை. இப்போது எதை நீட்டினாலும் அவள் டயர் என்றுதான் சொன்னாள். கார் டயரா, பைக் டயரா என்று சுசித்ரா கேட்பாள். கிராம்புக்கு லாரி டயர், சோம்புக்கு சைக்கிள் டயர் என்று அவளும் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தது, கொஞ்ச நாள் போன பிறகு உண்மையிலேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏதோ வித்தியாசம் இருப்பது போலத் தெரிந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள், மேல்மருவத்தூர் போகிறவர்கள் எல்லாம் வழியில் அருவியில் குளித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் மீன் தின்ன மாட்டார்கள் என்றாலும் அரையாண்டு லீவுக் கூட்டம் இருந்தது. கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னால், கூட்டம் ஓய நாலு மணி ஆகிவிட்டது. இன்றைக்கு விளையாட்டு வேண்டாம், கால் வலிக்கிறது என்று ராணியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். ஒரே ஒரு ஆட்டம் என்று சொல்லி, சுசித்ரா தன் வண்டியிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து வந்தாள். சகாயராணி கண்ணைக் கட்டிக்கொண்டாள். மிச்சமிருந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்த சுகுணா, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து ஆரஞ்சை வாங்கி, தோலை உரித்துப் பிழிந்து அவள் மூக்கருகே நீட்டினாள்.

டயர் நாற்றம் வந்தது. அது வரும் என்று தெரிந்ததுதான். அவள் மூச்சை விட்டுவிட்டு இன்னொரு தடவை இழுத்தாள். அந்த நாற்றத்துக்குக் கீழே வேறு ஏதோ இருந்தது. ஈரமாக, கொஞ்சம் இரும்பு மாதிரி, ஆற்றோரச் சேறு மாதிரி. அது என்னவென்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. யோசிக்கும் முன்னே வாய் சொல்லிவிட்டது.

"மீனு."

தப்பு, தப்பு, ஆரஞ்சுப் பழத்தைப் போய் மீன் என்கிறாள், பாடு என்று சுசித்ரா கைதட்டினாள். சகாயராணி எந்தப் பாட்டைப் பாடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். சுகுணாதான் சிரிக்கவில்லை. ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரலை மோந்து பார்த்தாள். பிறகு யாரும் பேசாதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டு, குழாயடிக்குப் போய் இடது கையை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இடது கையை நீட்டினாள். ஒண்ணும் இல்ல, சோப்பு டயர் என்றாள் சகாயராணி. வலது கையை நீட்டினாள். மீனு என்றாள். மறுபடி இடது கை. இல்லை. சுசித்ராவின் கையைப் பிடித்து இழுத்து நீட்டினாள். இல்லை. ராணியம்மாள் கால் வலியை மறந்து எழுந்து வந்து, பேசாமல் தன் உள்ளங்கையை நீட்டினாள். ஆயுள் முழுக்க மீன் அறுத்த கை அது.

சகாயராணி அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றி முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

"ராணிம்மா. உன் கை நாறுது."

"நாறட்டும்டி" என்றாள் ராணியம்மாள். அவளுக்கு வேறு வசவு எதுவும் அப்போது வாயில் வரவில்லை. கண் கட்டு நனைந்துவிட்டதைப் பார்த்து சுசித்ரா அதை அவிழ்த்துவிட்டாள்.

எல்லாம் ஒரேயடியாகத் திரும்பிவிடவில்லை. மறுநாள் காலையில் மாது இறக்கிவைத்த கூடைமேல் குனிந்து மோந்து பார்த்தாள். மீன் என்று தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீயே பாருடி என்று கூடையைச் சுகுணா பக்கம் நகர்த்தினாள். கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் செய்த பிரியாணி டயராகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் பிளசி வறுத்து வைத்திருந்த கெண்டையை அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள், முள்ளை மட்டும் விட்டுவிட்டு. அல்போன்ஸ் தன் பங்கையும் அவள் தட்டில் வைத்தார்.

புத்தாண்டுக்குப் பிறகு டாக்டருக்குப் போன் செய்தாள். முதலில் எந்த வாசனை வந்தது என்று டாக்டர் ஆர்வமாகக் கேட்டார். மீன் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். மற்றவர்கள் எல்லாம் பூ வந்தது, காபி வந்தது என்று சொல்வார்களாம்.

"எங்களுக்கு மீனு வந்தாப் போதுமுங்க" என்றாள் சகாயராணி. மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும் என்று சொல்லிவிட்டு, சட்டியில் எண்ணெய் காய்வதைப் பார்த்துப் போனை வைத்தாள். முகத்தில் துணி கட்டாமல், சுகுணாவுக்குப் பக்கத்தில் நின்று, அன்றுதான் மறுபடி முதல் துண்டைச் சட்டியில் போட்டாள். புகை முகத்தில் அடித்தது. குமட்டவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் நகரவில்லை.